கடற்கரை ஊரில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்வது: மரத்தின் பெயரும் மரத்தின் ஈரமும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேட்டிருக்கும் தம்பியின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவர் சென்ற ஆண்டு வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்திருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியதும் அதன் கழுத்து முன்புறமாக வளைந்து, தந்திகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் சுருதி ஏறி ஒலிக்கிறது, ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஓயாத உறுமல் கேட்கிறது. இரண்டாவது கிட்டாருக்காகப் பண்ருட்டிப் பக்கம் உறவினர் தோப்பில் விழுந்த பலாவின் பலகையும், இடித்த வீட்டின் தேக்கு உத்தரத்துண்டு ஒன்றும் அவர் கைவசம் இருக்கின்றன. இவை போதுமா, அல்லது மேப்பிள், ஆல்டர் என்று வெளிநாட்டு மரங்களைத் தேட வேண்டுமா என்பது அவர் கேள்வி.

இவை தாராளமாகப் போதும். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கிட்டார் செய்கிறவர் மரத்தின் பெயரை விசாரிப்பதற்கு முன் அதன் ஈரத்தை விசாரிக்க வேண்டும். நீங்கள் சொன்ன குறைகளில் உறுமலைத் தவிர மற்றவை ஈரத்தோடும் கழுத்தின் கட்டுமானத்தோடும் சம்பந்தப்பட்டவை. உடலுக்கு எந்த மரம் என்பதில் செலவிடும் யோசனையில் பாதியைக் கழுத்துக்குக் கொடுத்தால் கிட்டார் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும்.

உடல் மரத்தைப் பற்றி மிகையான நம்பிக்கைகள் உலவுகின்றன. கெட்டியான உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை, அதன் அடியில் உள்ள பிக்கப்பின் காந்தப்புலம்தான் மின் அலையாக மாற்றுகிறது. பிக்கப் எந்த வகை, தந்திக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, தந்தியின் நீளம் என்ன, தந்தியின் இரு முனைகளையும் தாங்கும் பிரிட்ஜும் (உடலின் மேல்) நட்டும் (தலைப்பக்கம்) எவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பவைதான் ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. உடல் மரத்தின் பங்கு இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டிய காலத்தில் செய்த சோதனைக் கிட்டாரின் நடுப்பகுதி நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டைதான். இங்கிலாந்தில் பிரையன் மே 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாருக்குக் கழுத்து மரம் ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்து வந்தது. அதில் புழு அரித்திருந்த துளைகளைத் தீக்குச்சிகளைக் கொண்டு அடைத்தார்கள், அதிர்வுக் கைப்பிடிக்கு மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளைப் பயன்படுத்தினார்கள். குவீன் இசைக்குழுவின் மேடைகளில் உலகம் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான். ஆகவே இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து கழுத்தை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

பலா நம் பக்கத்தில் இசைக்கருவிக்கென்றே பேர்பெற்ற மரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா பண்ருட்டியிலிருந்து போகிறது, மிருதங்கத்துக்கும் அதுவே முதல் தேர்வு. நன்றாக இழையும், உளிக்கு இணங்கும், வைரப்பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. புதிதாக அறுத்தபோது மஞ்சளாக இருக்கும் நிறம் ஆண்டுகள் போகப் போகப் பழுப்பாக மாறுவது தனி அழகு. அதனால் அதன் மேல் சாயம் ஏற்றாமல் நிறமற்ற பாலிஷ் போடுவதையே நான் விரும்புகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்போது அறுத்து அடுக்கிய பலகை யார் வீட்டிலாவது இன்னும் மிச்சமிருந்தால், அதைவிட நன்றாகக் காய்ந்த பலா கிடைப்பது அரிது.

உங்களிடம் உள்ள பலகை அண்மையில் விழுந்த மரத்தினுடையது என்பதால்தான் தயங்குகிறேன். நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்கும்போது ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. கிட்டார் உடலுக்குத் தேவையான 45 மி.மீ. கிடைக்க 50 மி.மீ. தடிமனில் அறுத்திருப்பீர்கள், அப்படியானால் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரு முனைகளிலும் பெயிண்டோ உருக்கிய மெழுகோ பூசிவிடுங்கள். மரம் முனைகளின் வழியாகத்தான் மிக வேகமாக ஈரத்தை இழக்கிறது, முனை மட்டும் முந்திக் காய்ந்தால் பிளவு விழும். தரையில் சாய்த்து வைக்காமல், சம உயரமுள்ள ரீப்பர்த் துண்டுகளைக் குறுக்கே கொடுத்துப் படுக்கை மட்டமாக அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். காய்ந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்தோ தடவிப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகும் சில வாரங்கள் அதே எடையில் நின்றால்தான் அது நம் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சமநிலை என்பதுதான் எல்லாவற்றுக்கும் மையம். மரம் ஒருபோதும் முழுவதுமாகக் காய்ந்து நிற்பதில்லை, சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை வாங்கியும் விட்டும் கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் வரை நிற்கும் இடத்தில், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 14 முதல் 16 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். அதே மரத்தை 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏ.சி. அறையில் தொடர்ந்து வைத்தால் அது 9 சதவீதத்தை நோக்கி இறங்கும். இந்த வேறுபாட்டில் மரம் நீளவாக்கில் பெரிதாக மாறாது, ஆனால் அகலவாக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கும். அடைமழைக் காலத்தில் ஃப்ரெட் அடித்த கழுத்து பிறகு ஏ.சி. அறைக்குப் போனால், மரம் சுருங்கி உலோக ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கிழிப்பது இதனால்தான். ஆகவே ஒட்டும் வேலையையும் ஃப்ரெட் அடிக்கும் வேலையையும் ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் கடற்கரையில் வைகாசி, ஆனி மாதங்களில் மேல்காற்று அடித்து, கடற்காற்று ஏறும் முன்பாக வறண்டிருக்கும் முற்பகல்களே இதற்கு உகந்தவை. மரம் தன் ஆண்டுச் சுற்றில் மிகவும் சுருங்கியிருக்கும் நேரத்தில் ஃப்ரெட் முனைகளை அரத்தால் தேய்த்து முடித்துவிட்டால், பிறகு அது விரிந்தாலும் தொல்லை இல்லை.

உங்கள் முதல் கிட்டாரின் கழுத்துக்கு என்ன நடந்தது என்பதையும் இதிலிருந்தே விளக்கலாம். 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. தந்தி நீளத்தில், 9-இல் (மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிமன்) தொடங்கும் மெல்லிய தந்தித் தொகுதி சுமார் 38 கிலோ இழுவையைக் கொடுக்கிறது. 10-இல் தொடங்கும் தொகுதி சுமார் 46 கிலோ இழுக்கிறது. உள்ளே டிரஸ் ராட் என்னும், திருகிச் சரிசெய்யும் எஃகுக் கம்பி வைக்கவில்லை என்றும், கழுத்தின் பின்புறம் பாலிஷ் போடாமல் வெறும் மரமாக விட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஈரம் ஏறிய மரத்தின் விறைப்பு குறையும். அந்த நிலையில் இரவும் பகலும் ஒரே திசையில் பாரம் இழுத்துக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக அத்திசைக்குப் படிந்துபோகும், பாரத்தை எடுத்தாலும் முழுவதுமாகத் திரும்பாது. இழுவையைக் கழுத்தின் உள்ளிருந்தே எதிர்த்து நிற்கவும், பருவத்துக்குப் பருவம் திருத்திக்கொள்ளவும் டிரஸ் ராட் இருக்கிறது. நம் தட்பவெப்பத்தில் அது விருப்பத்தைப் பொறுத்த பொருள் அன்று.

இரு திசையிலும் வேலை செய்யும் டபுள் ஆக்‌ஷன் டிரஸ் ராடையே வாங்குங்கள். மழைக்காலத்தில் முன்வளைவையும் ஏ.சி. அறையில் பின்வளைவையும் ஒரே ராடால் சரிசெய்ய முடியும். அவற்றில் பல 6 மி.மீ. அகலமும் 9 மி.மீ. அளவு ஆழமும் உள்ள நேரான பள்ளத்தில் உட்காரக்கூடியவை. ஆயினும் ராடைக் கையில் வாங்கி, காலிபரால் அளந்த பிறகே ரூட்டரைத் தொடுங்கள். பள்ளம் தளர்வாக இருந்தால் ராட் உள்ளே அதிர்ந்து ஒலிக்கும். ஃப்ரெட்டுகள் பதியும் மேற்பட்டையான ஃப்ரெட்போர்டை ஒட்டும்போது பசை ராடுக்குள் இறங்கி அதைப் பிடித்துவிடாதபடி, பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டி, பசை தடவிய பின் அதை உரித்தெடுத்துவிட்டு அழுத்துங்கள்.

தேக்குத் துண்டு இதற்கு அருமையான மரம். பல பத்தாண்டுகள் கூரைக்கு அடியில் கிடந்து எத்தனையோ மழையையும் கோடையையும் பார்த்துவிட்ட மரம் இனிப் புதிதாக முறுக்கிக்கொள்ள வாய்ப்பு குறைவு. தேக்கு இயல்பிலேயே மற்ற மரங்களைவிடக் குறைவாக விரிந்து சுருங்குவது, அதன் விறைப்பும் மேப்பிளுக்குக் கிட்டத்தட்ட இணையானது. புதுச்சேரியில் பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு, நிலை, உத்தரம் எல்லாம் பழைய மரக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே நான் முதலில் பார்ப்பது நார் ஓட்டத்தைத்தான். துண்டின் பக்கவாட்டில் நார்க்கோடுகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து வெளியேறினால், எவ்வளவு உயர்ந்த தேக்காக இருந்தாலும் அது கழுத்துக்கு ஆகாது. முனையில் தெரியும் வளையங்கள் ஃப்ரெட்போர்டு முகத்துக்குச் செங்குத்தாக நிற்பது மேலும் நல்லது. வெளிறிய வெள்ளைப்பகுதியை ஒதுக்கி வைரத்தை மட்டும் எடுங்கள், உளுத்துக் கொட்டும் பொடிவண்டு வெள்ளைப்பகுதியில்தான் குடியேறும். முறிந்து உள்ளே தங்கிய ஆணி இருக்கிறதா என்று வலுவான காந்தத்தை வைத்துத் தேடிப் பார்த்த பிறகே இழைக்கக் கொடுங்கள், அறுவை மில்காரரின் பிளேடு உடைந்தால் அடுத்தமுறை உங்கள் மரத்தை அவர் தொடமாட்டார்.

நேரான நார் முழு நீளத்துக்கும் கிடைக்காவிட்டால், மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்றின் முறுக்கை மற்றொன்று தடுக்கும். தலைப்பகுதியைச் சாய்வாக அமைப்பதானால் அதை ஒரே கட்டையிலிருந்து வளைத்து அறுக்காதீர்கள். அப்படி அறுத்தால் சாயும் இடத்தில் நார் குறுக்கே துண்டிக்கப்பட்டு, கிட்டார் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே தலை முறியும். சாய்வெட்டு இணைப்பாக ஒட்டுவது இதற்குச் சரியான வழி. தேக்கில் உள்ள எண்ணெய்ப்பசை பசையைப் பிடிக்கவிடாது என்பதால், இழைத்த அன்றே, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தேக்கு உளியையும் ரூட்டர் பிட்டையும் சீக்கிரம் மழுங்கடிக்கும், அதனால் கார்பைடு முனை கொண்ட பிட்டையே வாங்குங்கள். தேக்கு, ஈட்டி இரண்டின் தூளும் சிலருக்குத் தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூசு வடிகட்டும் முகமூடி தேவை.

ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரமே என் முதல் தேர்வு. உலகெங்கும் கிட்டார் செய்வோர் இந்திய ரோஸ்வுட் என்று தேடி வாங்குவது இதைத்தான். ஆனால் அது காட்டுமர விதிகளுக்கும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்துக்கும் உட்பட்டது. உரிமம் உள்ள இடத்தில் ரசீதோடு வாங்க வேண்டும், அல்லது இசைக்கருவிப் பொருள் விற்போரிடம் அளவுக்கு அறுத்த பட்டையாகவே வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், நன்கு காய்ந்த கருவேல வைரம் போன்ற கடினமான உள்ளூர் மரத்தில் 6 மி.மீ. பட்டை எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரெட்டின் பல்லைப் பிடித்து நிறுத்தும் கடினமும் நேரான நாரும்தான் அங்கே முக்கியம். கருங்காலி என்று சொல்லி விற்கப்படும் துண்டுகளில் கறுப்புச் சாயம் ஏற்றியவையும் உண்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

உடலின் எடையையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பள்ளங்கள் எல்லாம் எடுத்த பின் வழக்கமான இரட்டைக் கொம்பு உடலின் கன அளவு தோராயமாக நாலரை லிட்டர். ஒரு கன மீட்டருக்கு 450 கிலோ அடர்த்தியுள்ள ஆல்டரில் அது இரண்டு கிலோ, 650 கிலோ அடர்த்தியுள்ள தேக்கில் ஏறத்தாழ மூன்று கிலோ. பலா மரத்துக்கு மரம் மாறுபடுவதால், உங்கள் பலகையை நிறுத்து, நீளம், அகலம், தடிமன் அளந்து அடர்த்தியை நீங்களே கண்டுபிடியுங்கள். 600-ஐத் தாண்டினால் உட்புறத்தில் அறைகள் குடைந்து மேலே மெல்லிய பலகை ஒட்டுவது தோளுக்கு நல்லது. சவுக்கு நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள், அது கனமானது, காயும்போது வெடிக்கும்.

கழுத்தையும் உடலையும் திருகாணியால் இணைக்கும் முறையையே வீட்டில் செய்வோருக்குப் பரிந்துரைக்கிறேன். கழுத்து கெட்டால் கழற்றி மாற்றலாம், உங்கள் முதல் கிட்டாரின் உடலை இப்போது காப்பாற்றுவதும் அந்த இணைப்புதான். கழுத்தின் அடிப்பகுதி ஃப்ரெட்போர்டோடு சேர்த்து 25 மி.மீ., உடலில் பள்ளம் 16 மி.மீ. என்று வைத்தால் ஃப்ரெட்போர்டின் முகம் உடலுக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். தட்டையான பிரிட்ஜில் சாடில்கள் ஏறத்தாழ 12 மி.மீ. உயரத்தில் தந்தியைத் தாங்கும், கணக்கு பொருந்திவிடும். தூண்களின் மேல் நிற்கும் உயரமான பிரிட்ஜ் வாங்கியிருந்தால் கழுத்தை இரண்டு மூன்று டிகிரி பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். ஆகவே பிரிட்ஜ் கைக்கு வரும் முன் பள்ளத்தின் ஆழத்தை முடிவு செய்யக் கூடாது. கடற்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்துக்குள்ளேயே முறியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கி, முன்துளை போட்டு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முடுக்குங்கள்.

பசையில் ஒரு எச்சரிக்கை. வெள்ளை மரப்பசை உறுதியாகப் பிடிக்கும், ஆனால் தொடர்ந்த பாரத்திலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் உண்டாகும் சூட்டிலும் மெல்ல நழுவும். தலைப்பகுதி இணைப்புக்கும் பட்டைகளை ஒட்டுவதற்கும் மெதுவாக இறுகும் எப்பாக்ஸியோ, காய்ந்தபின் கெட்டியாக நிற்கும் மஞ்சள் மரப்பசையோ நல்லது. ஃப்ரெட்போர்டை ஒட்டும்போது நீர்ப்பசையை அதிகமாகப் பூசினால் மெல்லிய பட்டை ஒருபுறம் நீரைக் குடித்து வளைந்துவிடும். குறைவாகப் பூசி, மட்டமான கனத்த கட்டையை மேலே வைத்து நெடுகக் கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுவதும் விடுங்கள்.

சுருதிக்கு வருகிறேன். ஃப்ரெட்டுகளின் இடத்தைக் கணக்கிட, தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்து முதல் ஃப்ரெட்டின் தொலைவைப் பெறுகிறோம். மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போகிறோம். 648 மி.மீ. நீளத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.37, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியான 324 மி.மீ. தொலைவில் வரும். கணக்கைத் தொடர்ச்சியாகச் செய்தாலும், மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறிக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். கடையில் அச்சிட்ட வரைபடத்தை ஒட்டி அறுப்பவர்கள், அச்சுக்கடையில் தாளுக்கு ஏற்றபடி படம் சுருங்கியிருக்கிறதா என்று முதலில் எஃகு அளவுகோலால் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் கிட்டாரில் வெறும் தந்தி சரியாகவும் பன்னிரண்டாவது ஃப்ரெட் ஏறியும் ஒலிப்பதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். கழுத்து வளைந்து தந்தி உயர்ந்திருப்பதால் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. சாடில்களைப் பின்னுக்கு நகர்த்தாமல் சரியாக 648-இலேயே வைத்திருந்தாலும் இதே விளைவு வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரத்தையும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். மெல்லிய தந்திக்கு ஒன்றிரண்டு மி.மீ., தடித்த தந்திக்கு மூன்று முதல் ஐந்து மி.மீ. கூடுதல் நீளம் தேவைப்படுவது இயல்பு, பிரிட்ஜைப் பொருத்தும் இடத்தை இதற்கு இடம் விட்டே குறிக்க வேண்டும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறுகிறது என்றால் குற்றம் நட்டின் உயரத்தில் இருக்கிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடிக்கையில் முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு தாளின் தடிமன் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்யும் முன் கழுத்து நேராக இருக்கிறதா என்று சோதியுங்கள். தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 0.2 முதல் 0.25 மி.மீ. இருப்பது நலம். மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்குக்குப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். டிரஸ் ராடைத் திருகுவது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், திருகிய பிறகு மரம் நிலைகொள்ள ஓரிரவு விடுங்கள்.

ஃப்ரெட் பள்ளம் அறுக்கும் ரம்பம் பலர் கவனிக்காமல் விடும் பொருள். ஃப்ரெட்டின் பல் சுமார் அரை மி.மீ. தடிமன் கொண்டது, பள்ளம் 0.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கை ரம்பம் இதைவிட அகலமாகவே அறுக்கும். மெல்லிய தகடு கொண்ட, இழுத்து அறுக்கும் வகை ரம்பத்தை வாங்கி, வேறொரு கட்டையில் அறுத்து அகலத்தை அளந்த பிறகு பயன்படுத்துங்கள். ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் ஃப்ரெட்டுகளைச் சூப்பர் குளூவைக் கசியவிட்டு, கட்டையால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். நிக்கல் சில்வர் ஃப்ரெட் துருப்பிடிக்காது, பச்சை பூத்தால் துடைத்தால் போகும்.

பாலிஷ் விஷயத்தில் ஒன்றை வலியுறுத்துகிறேன். மழைநாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் தெளித்தால் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம், வறண்ட நாளுக்குக் காத்திருப்பதே நல்லது. கழுத்துக்கு வெறும் எண்ணெய் பூசுவது கைக்கு இதமாக இருக்கும், ஆனால் அது நீராவியைத் தடுக்காது. கடலோரத்தில் கழுத்துக்கு மெல்லிய பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சே பாதுகாப்பு. பின்புறம் மட்டுமல்லாமல் தலையின் முனை, திருகாணித் துளைகள், உடலின் பள்ளத்துக்குள் போகும் அடிப்பகுதி எல்லாவற்றையும் மூடுங்கள். இரண்டு பாகம் கலக்கும் பி.யூ.வின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. திறந்த வெளியில், இரசாயன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியோடு மட்டுமே தெளியுங்கள், அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

உறுமலை ஊகத்தால் அல்லாமல் சோதனையால் பிரித்தறியுங்கள். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். நிற்கும் திசையைப் பொறுத்து உறுமல் கூடிக் குறைந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை வாங்குகிறது. செப்புத்தாள் ஒட்டுவதால் இது போகாது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கர்தான் அதற்கு மருந்து, கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் அதை உருவாக்கியதே இந்த நோக்கத்துக்காகத்தான். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்பு இருக்கிறது, வெளி இரைச்சலைத் தடுக்கும் மூடாக்குத்தான் போதவில்லை. பள்ளங்களின் உட்புறம் முழுவதும் செப்புத்தாள் ஒட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று ஈயப்பற்று வைத்து எர்த்தோடு இணையுங்கள். தொட்டால் இரைச்சல் கூடினால், ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். தொட்டாலும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கலாம், மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே ஏறத்தாழ சுழியம் ஓம் காட்ட வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் எழுப்பும் கரகரப்பு வேறு. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (ஒலியளவைத் திருத்தும் குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை) என்பது வழக்கம்.

தந்தியைத் தொடும்போது விரலில் சுரீரென்று உணர்ந்தால் அது கிட்டாரின் குற்றமாக இல்லாமல், ஆம்ப்ளிஃபயரின் குற்றமாகவோ வீட்டு ஒயரிங்கின் குற்றமாகவோ இருக்கலாம். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்து, சாக்கெட்டின் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உறுமல் குறைகிறது என்பதற்காக எர்த் முனையை வெட்டுவோர் இருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் வீட்டில் அது உயிரைப் பறிக்கும், எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது மழைக்காலம் என்பதால் முதல் கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, எர்த் இணைப்பையும் செப்புத்தாள் வேலையையும் முடித்துவிடுங்கள். வளைந்த கழுத்தின் ஃப்ரெட்போர்டை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் பிரித்து டிரஸ் ராட் வைக்கலாம் என்றாலும், மரம் படிந்த நிலையில் அது அவ்வளவு உழைப்புக்குத் தகுதியானது என்று நான் நினைக்கவில்லை. தேக்கு உத்தரத்துண்டை இப்போதே கழுத்தின் அளவைவிட அரை அங்குலம் கூடுதலாக அறுத்து, வீட்டுக்குள் காற்றுப்படும்படி விட்டுவையுங்கள். தை பிறந்ததும் ஒருமுறை இழைத்து மட்டமாக்குங்கள், வைகாசிவரை விட்டுப் பாருங்கள். அப்போதும் எஃகு அளவுகோலை வைத்தால் வெளிச்சம் தெரியாமல் நேராக நின்றால் அதில் புதுக் கழுத்து செய்து, இப்போதுள்ள உடலில் பொருத்துங்கள். பலாப் பலகை அதுவரை ரீப்பர்களின் மேலேயே காயட்டும்.